மூடாமல் விட்ட நடு

"யோவ்! கண்ண எங்க வெச்சிகினு வர்ற?"

பிலோமியின் கையிலிருந்த தட்டிலிருந்து பாதிக் கேக்கு மாவு அவன் சட்டையில் வழிந்துகொண்டிருந்தது. ஐப்பசி மழை ராயபுரத்தையே அடித்துக்கொண்டு போவதுபோல் கொட்டியது. பக்ருதீன் பாயின் ரொட்டிக்கடையில் ஒதுங்க ஓடி வந்தவன், நேராக அவள் மேலேயே மோதியிருந்தான். வீட்டில் மாவு கலக்கி, பாயின் விறகடுப்பில் வேகவைத்து வாங்கிப்போவதுதான் அந்தத் தெரு வழக்கம். இரண்டு மணி நேரம் கை வலிக்க அடித்த மாவு...

"மழ கண்ண மறைச்சிடுச்சிமா," என்றான் அவன். இரண்டு கையாலும் ஒரு பிஸ்கோத்து டின்னை மார்போடு அணைத்திருந்தான்.

"என் மாவு போச்சு. அந்த டின்ன மட்டும் நனையாம வெச்சிகினு கீறியே, உள்ள இன்னா தங்கமா?"

"அதுக்கும் மேல."

அவன் நிமிர்ந்து பார்த்தான். மழைத்துளி இமையில் தொங்கும் கண்கள்... அடுத்துத் திட்ட வைத்திருந்த வார்த்தை அவளுக்கு மறந்தே போனது.

"பிலோமின்னு ஒருத்தங்க கேக்குக்கு ஐசிங் போடுவாங்களாமே... வூடு எங்க கீதுன்னு தெரியுமா?"

உள்ளேயிருந்து பாய் சிரித்தார். "அவ மேலயே முட்டிட்டு அவ வூட்டயே கேக்குறான் பாரு!"

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் கஸ்பார் அவன். டின்னில் இருந்தது அவன் கல்யாணக் கேக்கின் மேலடுக்கு. தலைப்பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கென்று அதை வெட்டாமல் எடுத்து வைப்பார்கள். "ஞாயித்துக்கெழம கோயில்ல சடங்கு. கொஞ்சம் சரி பண்ணிக் குடுமா," என்றான்.

"கொழந்தையோட அம்மாவயும் கூட்டினு வர்றதுதானே? இன்னா பூ வேணும்னு கேட்டிருப்பேன்."

"அவ... வரல," என்றவன் மழைக்குள் இறங்கிப் போய்விட்டான்.

சீ, அடுத்தவள் புருஷன்! பிலோமி தன் மனதை அதட்டினாள். வயது இருபத்தெட்டு. ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் சர்க்கரைப் பூ வைத்த விரலுக்கு இன்னும் ஒரு மோதிரம் வரவில்லை. அதற்காக மனசு இப்படியா வெட்கம் கெட்டுப்போகும்?

வெள்ளிக்கிழமை டின்னைத் திறந்தாள். மதுவிலக்கு தளர்ந்திருந்த வருஷங்கள் அவை. ரம்மில் நன்றாக ஊறிய கேக்கு கெடாமல் கமகமவென்று இருந்தது. மேலே பூசிய ஐசிங்தான் பழுப்பேறி வெடித்திருந்தது. அதில் 'கஸ்பார், ஃப்ளோரன்ஸ்' என்று கோணல்மாணலாக எழுத்து. பக்கத்தில் ஒரு புறா... பார்க்கக் கோழி மாதிரி இருந்தது. எவள் போட்ட கூத்து இது என்று சிரித்தாள் பிலோமி. பழசைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசுவதுதான் முறை. கத்தியை வெந்நீரில் நனைத்துச் சுத்தமாகச் சுரண்டினாள். தூளை வாரிக் கொல்லையில் கோழிகளுக்குப் போட்டாள்.

அன்று மாலையே கஸ்பார் பார்த்துவிட்டுப் போக வந்தான். மேசைமேல் மொட்டையாக இருந்த கேக்கைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"எழுத்து எங்கமா?"

"சுரண்டிட்டேன். எவளோ கத்துக்குட்டி போட்டது..."

"அவதாம்மா போட்டா. என் பொஞ்சாதி." குரல் உடைந்தது. "வேற யாரும் தொடக்கூடாதுன்னு மூணு நாளு ஒக்காந்து எழுதுனா. கொழந்தயக் குடுத்துட்டு ஆஸ்பத்திரிலயே பூட்டா. கொழந்தயும் தங்காதுன்னு நர்சம்மா அங்கயே தலையில தண்ணி ஊத்தி அவசரத்துக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டாங்க. ஆனா அது பொழச்சிகிச்சி. எட்டு மாசம் கழிச்சி இப்பதான் கோயில் சடங்கு. அவ கையெழுத்துன்னு எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். சரி பண்ணுன்னா, வெடிப்ப அடைச்சிக் குடுன்னுதாம்மா சொன்னேன்..."

பிலோமி கொல்லைக்கு ஓடினாள். கோழிகள் ஒரு பொட்டு வெள்ளைகூட மிச்சம் வைக்கவில்லை. திரும்பி வந்தபோது அவன் இல்லை. டின் மட்டும் இருந்தது.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, பாவி! பெரிய கைக்காரி என்ற திமிர்தானே கேட்கவிடவில்லை? செத்தவளின் எழுத்தைப் பார்த்துச் சிரித்தோமே என்று நினைக்க நினைக்க நெஞ்சு அறுத்தது. அழுதுகொண்டே கேக்கைத் தடவினாள். ஐசிங்குக்கு அடியில் ஒட்டியிருந்த முந்திரி மாவுப் போர்வையில் விரல் எதிலோ பள்ளமாக இறங்கியது.

பிலோமி என்றால் அந்த மாவைப் பாட்டிலால் உருட்டித் தேய்ப்பாள். ஃப்ளோரன்சுக்கு அந்த வித்தை தெரியவில்லை போலிருக்கிறது. வெறும் கையால் அழுத்தியிருந்தாள். நடுவில் நாலு விரலும் ஒரு சின்ன உள்ளங்கையும் பதிந்து அப்படியே இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை ராயப்பர் கோயில் முற்றத்தில் பிலோமி டின்னைத் திறந்தாள். கேக்கைச் சுற்றிலும் வெள்ளை ரோஜா. நடுவில் மட்டும் ஐசிங் இல்லை.

"ஏன் நடுவுல பூசல?" முகத்தைப் பார்க்காமலே கேட்டான் கஸ்பார்.

"குனிஞ்சி பாருங்க... அவங்க கை."

அவன் குனிந்தான். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு குழந்தையின் கையைப் பிடித்து அந்தப் பள்ளத்தில் வைத்தான். வைத்தவன், அத்தனை பேர் பார்க்க, ஓவென்று அழுதான். பிலோமி தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

சுற்றுத் துண்டுகளைத்தான் எல்லோருக்கும் கொடுத்தார்கள். நடுவை அவன் டின்னிலேயே பத்திரப்படுத்தினான். அதன்பிறகு சனிக்கிழமைதோறும் ரொட்டிக்கடைக்கு வந்தான். அவள் கேக்கு வேகும்வரை பெஞ்சில் உட்கார்ந்து ஃப்ளோரன்சைப் பற்றியே பேசுவான். அவளும் கேட்பாள். கேட்கக் கேட்க வலிக்கும்... ஆனாலும் அடுத்த சனிக்கிழமைக்குக் காத்திருப்பாள்.

மறு வருஷம் ஐப்பசியில் அதே மழை. அதே டின்னை அணைத்துக்கொண்டு வந்து நின்றான்.

"பிலோமி... எனக்கு சுத்தி வளைக்கத் தெரியாது. எங்க வூட்டுக்கு வந்துடு."

அவள் கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது. "முட்டிக்கினு நின்னீங்களே, அன்னிலேர்ந்தே எனக்கு உங்க மேல ஆசதான். அடுத்தவ புருசன்னு நெனச்சப்பவும் போகல. சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துலயே சொல்லிட்டேன். ஆனா அவங்க எழுத்த அழிச்சவ நானு. இப்ப அவங்க எடத்தயும் மூடிட்டு நான் ஒக்காரணுமா?"

"மூட வேணாம்," என்றான் கஸ்பார். அவனும் அழுதுகொண்டிருந்தான். "அன்னிக்கு கேக்குல வுட்டியே, அந்த மாரியே வுட்டுடு. எனக்கும் அவள வுட முடியாது... நீயும் இல்லாம முடியல, பிலோமி."

அவள் மழைச்சாரல் படாமல் அந்த டின்னை அவன் கையிலிருந்து வாங்கி, தன் முந்தானைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.