நூற்றுப் பதின்மூன்று

இரண்டே முக்கால் டன் எடையுள்ள ஹைபிரிட் வண்டியை மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலையேற்றி, ஏசியை மார்கழிக் குளிருக்கு வைத்து, முதுகு பிடித்துவிடும் இருக்கையில் சாய்ந்தபடியே, லிட்டருக்கு நூற்றுப் பதின்மூன்று கிலோமீட்டர் எடுத்தவன் நான். பெயர் சஞ்சீவ். வயது எழுபத்தொன்று. இறக்கத்தில் அல்ல, ஏற்றத்தில்!

நீங்கள் நம்ப வேண்டாம். என் சகலை நிஷாந்தே நம்பவில்லை, அவர் பக்கத்து இருக்கையில்தான் இருந்தார்.

இந்த 2071-இல் எந்த வண்டிக்கும் ஞாபகம் கிடையாது. மறதிச் சட்டம் வந்ததிலிருந்து, அணைத்த மறுநொடியே வண்டி தான் போன வழி, குடித்த பெட்ரோல் எல்லாவற்றையும் துடைத்துவிட வேண்டும். உளவுக்குப் பயந்து நாமே கேட்டு வாங்கிய சட்டம். ஆனால் கம்பெனிக்காரன் சொல்லும் மைலேஜை எந்தக் காலத்தில் யார் நம்பினார்கள்? ஆகவே மலையுச்சிச் சாவடியில் ஒரு வழக்கம். ஓட்டியவர் நிஜ மைலேஜை வாயால் சொல்ல வேண்டும். கூட வந்தவர் “ஒப்பு” என்று சொல்ல வேண்டும். ஒப்பு இல்லாத எண் பதிவாகாது.

மாதாமாதம் நானும் சகலையும் குன்னூருக்கு டீ குடிக்கப் போவோம். நான் ஒரு எண் சொல்வேன். சகலை உதட்டைப் பிதுக்குவார். சாவடி அதிகாரி நப்பின்னை சிரித்துக்கொண்டே அந்த எண்ணை அடித்துவிடுவாள். போன மாதம் எட்டாவது வளைவில் ஒரு காட்டெருமைக்கு வழிவிட்டு வண்டியை அரையடி மேலே பறக்கவிட்டதாகக்கூடச் சொல்லிப் பார்த்தேன்.

அன்று மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் ‘மூத்தோர் சுகம்’ பட்டனை அமுக்கினேன். அறுபத்தைந்து தாண்டியவர்களின் இருக்கைகளில் மட்டும் இருப்பது. முதுகுவலிக்காரர்கள் பாதி மலையில் தவிக்கக்கூடாது என்று அரசாங்கம் வைத்தது. என் முதுகுக்கு ஒரு கேடும் இல்லை. சும்மாதான் அமுக்கினேன். இருக்கை தாலாட்டியது, எஞ்சின் சத்தம் அடங்கியது, திரையில் இருபத்திரண்டாக இருந்த மைலேஜ் நாற்பதானது, எழுபதானது.

“சகலை, பாருங்க! நூறு தாண்டிருச்சு!”

“திரை கெட்டுப் போச்சுங்க. ரோட்டப் பாத்து ஓட்டுங்க.”

கண்ணாடியில் ஒரு சின்ன நீல வேன் வாலைப் பிடித்தாற்போல் வந்துகொண்டிருந்தது. பதினோராவது வளைவில் அதைக் காணோம். என் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். சந்தோஷமாகத்தான் நினைத்தேன்.

சாவடியில் மார்பை நிமிர்த்தி எண்ணைச் சொன்னேன். நப்பின்னை சகலையைப் பார்த்தாள்.

“ஒப்புங்களா ஐயா?”

“நமக்கு எதுக்குங்க அந்தப் பாவம்?” என்றார் சகலை. எல்லோரும் சிரித்தார்கள். எதிரே இருந்த கடையில் டீ சொன்னோம்.

முக்கால் மணி நேரம் கழித்து, இரண்டாவது டீ கைக்கு வந்தபோது, சாலைத் திருப்பத்தில் ஒரு கிழவர் தெரிந்தார். கையில் வாக்கர். அதை ஓரடி வைப்பார், நிற்பார், மூச்சு வாங்குவார். அவருக்குப் பின்னால் அந்த நீல வேன், ஆள் நடக்கும் வேகத்தில் ஊர்ந்து வந்தது. ஓட்டி வந்த பெண் இறங்கி ஓடிப்போய் அவரைப் பிடித்துச் சாவடித் திண்ணையில் உட்கார வைத்தாள். அவள் பெயர் எழில்மேரி. குன்னூர் நோயாளிகளைக் கோவை ஆஸ்பத்திரிகளுக்குக் கூட்டிப்போய் வருகிற வேன் அது. கிழவர் அவளுடைய அப்பா ஜெரால்டு. முழங்காலில் அறுவை முடிந்து பத்தே நாள்.

“மேட்டுப்பாளையத்துல ஃபுல் சார்ஜ் மேடம். வளைவு ஏற ஏற யாரோ உறிஞ்சுற மாதிரி இறங்குச்சு. அப்பா உள்ள இருந்தா வண்டி நகரல. ரெண்டு வளைவு நடந்தே வந்தாரு,” என்று நப்பின்னையிடம் சொன்னாள்.

மலைச் சாலைக்கு அடியில் பகிர்மின் கம்பி ஓடுவது எனக்கும் தெரியும். ஒரு வண்டிக்கு மின்சாரம் போதாவிட்டால் பக்கத்து வண்டி கொடுக்கும். ஆனால் என் பட்டன் ‘கொடு’ என்று கேட்டால் பக்கத்து வண்டியால் ‘மாட்டேன்’ என்று சொல்ல முடியாது என்பதை நான் யோசித்ததே இல்லை. வாங்கிய மின்சாரம் பெட்ரோல் கணக்கில் வராது. அதனால்தான் நூற்றுப் பதின்மூன்று. ஜெரால்டு வந்த பழைய வேனில் அந்தப் பட்டனே கிடையாது. அவருக்கு வயது எழுபத்தொன்பது.

“மலையில நின்ன வண்டிக்குப் பர்மிட் ரத்துங்க, எழில்,” என்றாள் நப்பின்னை. “முன்னாடி போன வண்டி கரண்டை இழுத்துச்சுன்னு காட்டுனா விட்டுடலாம். ஆனா இவ்வளவு இழுத்திருந்தா அது லிட்டருக்கு நூறுக்கு மேல ஓடியிருக்கணும். அப்படி ஒரு எண் இன்னிக்குப் பதிவாகவே இல்லையே.”

“இந்த வேன் போச்சுன்னா எனக்கு வேற தொழில் இல்ல மேடம்.”

என் வண்டி எல்லாவற்றையும் மறந்துவிட்டு நிழலில் பளபளத்து நின்றது. அந்த டீ முடியும்வரை நானும் அதைப்போல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். முடியும்வரை இருந்தும் விட்டேன். அதை இங்கே மறைக்கப்போவதில்லை. கிழவர் குனிந்து முழங்கால் கட்டுத்துணியைத் தடவிக்கொண்டார். விரலில் ரத்த ஈரம் பட்டது. மகள் பார்க்காதபடி வேட்டியில் துடைத்தார்.

எழுந்து போனேன்.

“அம்மணி, அது என் வண்டிதான். நூத்திப் பதிமூணு. நான்தான் சொன்னனே.”

நப்பின்னை அலுப்போடு நிமிர்ந்தாள். “ஐயா, இது விளையாடற நேரமில்லைங்க. போன மாசம் எருமைக்கு வழிவிட்டுப் பறந்தீங்க.”

“அது பொய்யம்மா. இது நிசம்.”

டீக்கடையில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். எழில்மேரி சிரிக்கவில்லை. கேலி செய்ய வந்த பணக்காரக் கிழவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். ஐம்பது வருடமாக நான் ஊதிவிட்ட எண்களெல்லாம் அந்த ஒரு எண்ணின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தன. சத்தியம் செய்தேன். சத்தியத்துக்கும் சிரித்தார்கள்.

சகலையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் காலி கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நிஷாந்த் ஐயா, நீங்களாச்சும் சொல்லுங்க. இவர் சொல்றது ஒப்புங்களா?” என்றாள் நப்பின்னை.

அவர் கிளாசைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் ஜெரால்டின் முன்னால் போய் நின்றார்.

“எம்பட சீட்டுப் பட்டனையும் நான் அமுக்கியிருந்தனுங்க. சொகமாத்தான் இருந்துச்சு. நடந்தது நடந்ததுதான், அம்மணி. எழுதிக்குங்க. ஒப்பு.”