ஜோடி தேடும் பச்சைக் கால்

ஆங்கில அகராதி முழுவதும் தன் தலைக்குள் இருப்பதாக ஆறாம் வகுப்பு தபரேஸ் அறிவித்தான். அதனால் பயத்துக்கு அங்கே இடமில்லை என்றும் சேர்த்துக்கொண்டான்.

"லாஸ்ட்னா இன்னா?" என்று கேட்டாள் பூர்ணிமா.

"கடைசி. அப்புறம், நீடிச்சு நிக்கிறது. அவ்ளோதான். அடுத்த வார்த்தை!"

பூர்ணிமா பையிலிருந்து இரண்டு பச்சை பிளாஸ்டிக் பாதங்களை எடுத்து வைத்தாள். குழந்தைக் கால் அளவு. விரல்கள் மட்டும் இல்லை.

"இதுவும் லாஸ்ட்தான். இதுமேல தோலை இழுத்துப் பிடிச்சுதான் ஷூ செய்வாங்க. நாளைக்கு நம்ம ஸ்கூல் கண்காட்சியில வைக்க, அப்பா அவரோட ஷூ கம்பெனியில கேட்டு வாங்கினாரு."

வஜீதா டீச்சர் எட்டிப் பார்த்தார். "இந்த அச்சுக்கும் நீடிக்கிறதுக்கும் வேர் ஒண்ணுதான். காலடித் தடம்னு அர்த்தம். கடைசிங்கிற லாஸ்ட்தான் வேற வீட்டுப் பிள்ளை."

தபரேஸின் அகராதி லேசாக இருமியது.

பூர்ணிமா இரண்டு பாதங்களையும் கயிற்றால் சேர்த்துக் கட்டினாள்.

"ஏன், ஓடிடுமா?" என்றான் தபரேஸ்.

"ஒத்தையா விட்டா ஜோடியைத் தேடிப் போகுமாம். கம்பெனியில எப்பவும் கட்டித்தான் வைப்பாங்க."

தபரேஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். விளையாட்டு பீரியடில் எல்லோரும் வெளியே போனதும் கயிற்றை அவிழ்த்து, வலது பாதத்தைத் தன் பையில் போட்டுக்கொண்டான். எப்படி நடக்கிறது, பார்க்கலாம்!

வீட்டில் அதைச் சுவரைப் பார்த்தபடி அலமாரியில் வைத்தான். கணக்குப் போட உட்கார்ந்தான்.

டக்.

திரும்பினான். பாதம் வாசலைப் பார்த்து நின்றது.

காற்றாக இருக்கும். ஃபேன் ஓடவில்லை. சரி, எலி. மறுபடி சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டுக் கட்டிலில் ஏறி, காலைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

டக்.

மறுபடியும் வாசல். இந்த முறை அலமாரியின் விளிம்பில்.

அதே நேரம் கதவு தட்டப்பட்டது. தபரேஸ் கட்டிலிலிருந்து குதித்து ஓடிப்போய்த் திறந்தான்.

வெளியே பூர்ணிமா. கண்கள் சிவந்திருந்தன. கையில் இடது பாதம்.

"இன்னொண்ணு காணோம்டா. நாளைக்கு சாயங்காலம் ஜோடியா திருப்பிக் குடுக்கணும். இல்லன்னா அப்பாவைத்தான் திட்டுவாங்க."

"இங்க... இங்க ஏன் வந்தே?"

"மேசைமேல வச்சேன். மூணு தடவையும் இந்தத் தெருப் பக்கமே திரும்புச்சு. அதான் இது காட்டுற பக்கமா வந்தேன்."

தபரேஸ் உள்ளே போய், வலது பாதத்தை இரண்டு கைகளாலும் ஏந்தி வந்தான்.

"நான்தான் எடுத்தேன். நாளைக்கு உங்க அப்பாகிட்டயும் நானே சொல்றேன்."

பூர்ணிமா அவனை முறைத்தாள். பிறகு அவன் அந்தப் பாதத்தைத் தன்மேல் படாமல் எட்டப் பிடித்திருப்பதைப் பார்த்தாள்.

"அப்புறமா சண்டை போட்டுக்கலாம். மொதல்ல கட்டு. பாவம், ரெண்டும் பயந்திருக்கும்."

"அது... ஆமா. அதுங்களுக்குத்தான் பயம்."

கட்டியதும் இரண்டும் அசையவில்லை.

அவள் போன பிறகு தபரேஸ் வீட்டைச் சுற்றிப் பார்த்தான். அவனுடைய பள்ளி ஷூ ஒன்று கட்டிலுக்கு அடியில் கிடந்தது, மற்றது குளியலறை வாசலில்.

யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு இரண்டையும் அருகருகே வைத்தான். நாடாக்களைச் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டான்.

கொஞ்சம் யோசித்து, இன்னொரு முடிச்சும் போட்டான்.