கணவாயில் முளைத்த பல்

மூடுபனிக்குள் ஒதுங்கப் போன மைத்துனன் திரும்பி வந்து, ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து இளித்தான். மேல்வரிசையில் முன்பல் இருந்தது.

பல் டாக்டருக்கு அது உடனே உறைக்கவில்லை. காலையிலிருந்தே அவருக்கு எல்லாவற்றின் மேலும் இளக்காரம். பதினோராயிரம் அடி ஏறி வந்து, உயரம் எழுதிய பலகையைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளும் கூட்டம். முன்னால் போன பஸ்ஸில் வழியெல்லாம் வாந்தி எடுத்துவிட்டு, வெறும் பனியைப் பார்த்து வாய் பிளக்கும் குடும்பங்கள். எல்லாரையும்விட மட்டம் இந்த மைத்துனன். நாற்பது வயதாகியும் எந்த வேலையிலும் ஒரு வருஷம் நிலைத்ததில்லை. “தம்பி ஆசையாக் கூப்பிடறான், போயிட்டு வாங்களேன்” என்று மனைவி நச்சரித்திருக்காவிட்டால் அவர் இந்தக் கணவாய்ப் பக்கம் தலைவைத்தும் படுத்திருக்க மாட்டார்.

கார் இறங்கத் தொடங்கியது. பிரேக் கருகும் வாடை ஜன்னல் இடுக்கு வழியாகக் கசிந்தது. காது அடைத்து அடைத்துத் திறந்தது. ஒவ்வொரு வளைவிலும் பாறையின் நிழல் பனிக்குள்ளிருந்து பெரிதாகி வந்து, கதவை உரசுவது போல நின்று, பின்னால் கரைந்து போனது. பின்னால் ஒரு பஸ் மெதுவாக முனகிக்கொண்டே வந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்தப் பல்லைப் போன மாதம் பிடுங்கியது அவரேதான்.

“எவன்கிட்ட போய்ப் பல்லு கட்டின?”

“எந்தப் பல்லு அத்தான்?”

“நடிக்காத. என்னை விட்டுட்டு எந்தத் தெருமுனை டாக்டரைப் பிடிச்ச?”

மைத்துனன் சாலையையே பார்த்தான். காலையில் ஏறும்போது அந்தப் பொக்கை வழியாகத்தான் விசிலடித்து உயிரை வாங்கியிருந்தான். அந்த நினைப்பு வந்ததும் டாக்டரின் பிடரி சில்லிட்டது.

“ஓரமா நிறுத்து. வாயைத் திற.”

நிறுத்தினான். எதற்கெடுத்தாலும் வாயாடுகிறவன், மறுபேச்சு இல்லாமல் திறந்தான்.

டாக்டர் செல்போன் விளக்கை அடித்தார். கட்டிய பல் அல்ல. ஈறிலிருந்து முளைத்த பல். முப்பது வருஷத்தில் வாடை இல்லாத வாயை அவர் பார்த்ததில்லை. இதில் நனைந்த கல்லின் வாடை மட்டும் வந்தது. விளக்கைச் சற்று உள்ளே தள்ளினார். வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசை. அதற்குப் பின்னால் இன்னொன்று. தொண்டை வரை.

“இன்னும் திறக்கட்டுமா அத்தான்?”

வாய் அசையவில்லை. குரல் மட்டும் வந்தது.

கதவைத் தள்ளினார். ஓடினார். ஒரு செருப்பு கழன்று போனது. பஸ்ஸின் மஞ்சள் விளக்குகள் பனிக்குள் அசைந்து வந்தன. இரண்டு கைகளையும் ஆட்டினார். பஸ் நின்றது. காலையில் அவர் ஏளனம் செய்த அதே வாந்தி பஸ். இப்போது அழுகையே வந்துவிட்டது. உள்ளே ஏறினார். வெதுவெதுப்பு. கதவு மூடிக்கொண்டது.

“உக்காருங்க டாக்டர்,” என்றார் கண்டக்டர்.

தன்னை டாக்டர் என்று இவருக்கு யார் சொன்னது?

எல்லாரும் அவரையே பார்த்தார்கள். எல்லா உதடுகளும் இறுக மூடியிருந்தன. முன்சீட்டில் ஒரு பெண், மடியில் கைக்குழந்தை. பிறந்து மூன்று மாதம்கூட இருக்காது.

குழந்தை சிணுங்கியது. நெளிந்தது. பிறகு மெல்ல, முழுசாகக் கொட்டாவி விட்டது.

வெள்ளை வெளேரென்று, வரிசை வரிசையாக, பெரியவர்களின் பற்கள்.