ஆறாவது பாட்டில் நிற்பவன்

அந்தக் கச்சேரி டிவிடியைப் பற்றி இன்டர்நெட்டில் இருபத்திரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அவர்களில் பதினெட்டுப் பேர் எழுதியது ரசிகர்கள் வழக்கமாக எழுதுகிற சங்கதிதான். டிரம்ஸ் காதைக் கிழிக்கிறது, கிடார் சத்தத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றியிருக்கலாம், கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டே பாடினானே அந்த மகராசனுக்குக் கோயில் கட்டலாம், நேரில் பார்த்ததைவிட டிவிடியில் பார்ப்பது ஜோர். மிச்சம் நான்கு பேர் மட்டும் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தார்கள். ஆறாவது பாட்டில் இடது பக்கத்துத் தடுப்பை ஒட்டி, கூட்டமே குதிக்கும்போது ஆடாமல் அசையாமல் ஒருத்தன் நிற்கிறானே, கேமரா ஏன் அவனையே சுற்றிச் சுற்றிக் காட்டுகிறது? சாம்பல் சட்டை, நீலக் காலர் என்று நான்காவது ஆள் அடையாளம் வேறு சொல்லியிருந்தான்.

ரத்தினவேல் அந்த வரியை மூன்று தரம் படித்தான். அவனும் அப்போது சாம்பல் சட்டைதான் போட்டிருந்தான். காலர் நீலம். ஓசூர் சிப்காட்டில் அவன் வேலை பார்க்கிற, தகடு அழுத்தும் பிரஸ் கம்பெனியின் யூனிஃபார்ம் அது.

மணி காலை ஒன்பது. டிசம்பர் பனி பாகலூர் ரோட்டை விட்டு இன்னும் எழுந்திருக்கவில்லை. சென்னப்பனின் பிரவுசிங் சென்டரில் பிளைவுட் தடுப்புக்குள் உட்கார்ந்து, நைட் ஷிஃப்ட் கண்ணெரிச்சலோடு, ஐடிஐயில் படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு அவன் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான். ஊதுவத்திப் புகையும் யாரோ கழற்றிப்போட்ட ஈர ஸ்வெட்டரின் நாற்றமும் கம்ப்யூட்டர் சூட்டில் கலந்து குமட்டியது. அவனுக்குத் தூக்கம் சுத்தமாகப் போய்விட்டது.

'குவாரி' என்பது பெங்களூர்ப் பையன்கள் நான்கு பேர் நடத்துகிற ராக் குழு. ரத்தினவேலுக்கு அவர்கள் பாட்டு, பிரஸ் மிஷினில் தகடு மாட்டிக்கொண்ட சத்தம் மாதிரிதான் இருக்கும். அந்தப் பாட்டுக்காகப் பைத்தியம் பிடித்து அலைந்தவன் அவனுடைய ரூம்மேட் சுபாஷ். அருப்புக்கோட்டைக்காரன். பாடலில் பாதி அவனுக்குப் புரியாது, ஆனாலும் தொண்டை கிழியக் கூடவே பாடுவான். 2005 அக்டோபரில் குவாரிக்குப் பெங்களூரில் பெரிய கச்சேரி. அன்றைக்குப் பார்த்து இருவருக்கும் நைட் ஷிஃப்ட். காண்ட்ராக்ட் ஆள் லீவு கேட்டால் மறுநாள் கேட்டுக்குள் விட மாட்டார்கள்.

"ஒரே ஒரு நாளு மாப்ள. எங்கார்டையும் சேத்து அடிச்சிரு. விடியறதுக்குள்ள வந்துருவேன்," என்றான் சுபாஷ். ஹவுஸ் ஓனர் சந்தேகப்படக் கூடாதென்று யூனிஃபார்மோடுதான் பஸ் ஏறினான்.

சிப்காட்டில் இது ஊரறிந்த ரகசியம். இன்றைக்கு நீ எனக்கு, நாளைக்கு நான் உனக்கு. ராத்திரி பத்து மணிக்கு ரத்தினவேல் வருகை பதிகிற கடிகாரத்தில் இரண்டு கார்டு அடித்து உள்ளே போனான். காலை ஆறு மணிக்கு இரண்டு கார்டு அடித்து வெளியே வந்தான். சுபாஷ் வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை.

எல்லாரும் கார்டை நம்பினார்கள். காலை ஆறு நான்குக்குக் கேட்டைத் தாண்டிப் போனவனை ஓசூருக்குள்தானே தேட வேண்டும்? ஏரிக்கரை பார்த்தார்கள், தண்டவாளம் பார்த்தார்கள், கெலவரப்பள்ளி அணையில் மூன்று நாள் ஆளை இறக்கித் துழாவினார்கள். ரத்தினவேலும் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுபாஷ் பெங்களூர் போனான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் வேலை போகும், அடுத்த மாதம் பெர்மனென்ட் லிஸ்ட் வேறு வரவிருந்தது. லிஸ்ட் வந்தது, அவன் பெயரும் வந்தது. தன்னை நினைத்தால் அவனுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் பதினான்கு மாதமாக வாயைத் திறக்கவில்லை.

இதில் பெரிய தண்டனை காளியம்மாள். மகனைத் தேடி வந்த சுபாஷின் அம்மா ஊருக்குத் திரும்பவே இல்லை. மகன் எங்கேயோ அடிபட்டு நினைவு தப்பி ஓசூருக்குள்தான் சுற்றுகிறான் என்று நம்பி, சிப்காட் ஆட்கள் சாப்பிடுகிற மெஸ்ஸிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். ரத்தினவேல் தினமும் அவள் கையால்தான் சாப்பிட்டான்.

"நீயாவது வேளைக்குச் சாப்புடுய்யா. அவன் வந்து, என் சிநேகிதனப் பட்டினி போட்டியான்னு கேட்டா நான் என்ன சொல்ல?" என்று இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுவாள்.

டிவிடியை மறுநாளே பெங்களூர் போய் வாங்கி வந்தான். நைட் ஷிஃப்ட்காரர்கள் எல்லாரும் செய்வதுபோல அவன் அறை ஜன்னலிலும் கம்பளி அடித்திருந்தது. நண்பகலிலும் உள்ளே இருட்டு. ஆணியில் தொங்கிய சட்டையிலிருந்து மிஷின் ஆயில் நெடி வீச, கீழ் வீட்டு குக்கர் விட்டு விட்டுச் சீறி ஓய, கம்பளியின் ஒரு சின்ன ஓட்டை வழியாக வந்த வெயில் சுவரில் பொட்டாக நின்று மெல்ல நகர, அவன் டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து ஐந்து பாட்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தான். ஆறாவது பாட்டு வந்தது. மழை, விளக்கு வெளிச்சத்தில் வெள்ளை வெள்ளையாக இறங்கியது. ஆயிரக்கணக்கான தலைகள் எழும்பி எழும்பி அடங்கின. கேமரா இடது பக்கம் திரும்பியது.

சுபாஷ்.

முதலில் வந்தது சந்தோஷம்தான். எழுந்து நின்றே விட்டான். பிறகுதான் மற்றது கண்ணில் பட்டது. எல்லார் தலைமுடியும் நெற்றியில் அப்பியிருந்தது. சுபாஷின் முடி வாரியது வாரியபடி இருந்தது. சட்டை காய்ந்திருந்தது. சுற்றிலும் குதிக்கிறவர்கள் ஒருத்தர்கூட அவன்மேல் இடிக்கவில்லை. அவன் மேடையைப் பார்க்கவும் இல்லை.

அடுத்த இரண்டு நாளில் எழுதியவர்கள் எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டியது. டிரம்ஸைப் பற்றிப் பேச ஆள் இல்லை. நாலாவது பாட்டிலும் அவன் இருக்கிறான் என்றான் ஒருத்தன். என் டிஸ்கில் இரண்டாவதிலேயே இருக்கிறான் என்றான் இன்னொருத்தன். போன வாரம் பின்னால் நின்றவன் இந்த வாரம் எப்படி முன்வரிசைக்கு வந்தான் என்று கேட்டவனை, நீ என்ன புகைத்தாய் என்று நாலு பேர் கிண்டல் செய்திருந்தார்கள். கிண்டல் செய்தவர்களில் ஒருத்தன் மறுநாள் திரும்ப வந்து, இனிமேல் அந்த டிஸ்கை வீட்டில் வைக்கப் போவதில்லை என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருந்தான்.

"ஏம்ப்பா, ராத்திரி பூரா மிஷின்ல நின்னுட்டு வந்து இதுல அப்பிடி என்னாத்தப் பாக்கற? மூஞ்சி கருத்துப்போச்சி. போய்ப் படு," என்றார் சென்னப்பன்.

"ரெண்டே ரெண்டு வரி இங்கிலீஷ்ல எழுதணும்ண்ணா. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

அவர் திருத்திக் கொடுத்ததை ரத்தினவேல் போட்டான். அவன் என் நண்பன். பெயர் சுபாஷ். ஓசூரில் வேலை பார்த்தான். கச்சேரிக்குப் போனவன் திரும்பவில்லை. யாருக்காவது தெரியுமா?

மறுநாள் காலை பதில் வந்திருந்தது. நானும் அங்கே இருந்தேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். மூன்றாவது பாட்டின்போது கூட்டம் நெருக்கியதில் தடுப்பு சாய்ந்தது. சாம்பல் சட்டைக்காரன் அடியில் சிக்கிக்கொண்டான். நாங்கள் நான்கு பேர் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பையில் எதுவும் இல்லை, ஆனால் நினைவு இருந்தது. பெயர் சொன்னான், கம்பெனி சொன்னான். அம்மாவுக்குச் சொல்லுங்கள் என்றான். நம்பரைத் தேடிப் பிடித்து ராத்திரி பதினொன்றரைக்குக் கம்பெனிக்குப் போன் செய்தோம். விசாரித்துவிட்டு, சுபாஷ் உள்ளேதான் வேலையில் இருக்கிறான், விளையாடாதீர்கள் என்று வைத்துவிட்டார்கள். வலியில் பிதற்றுகிறான், வேறு யாரோ பெயரைச் சொல்கிறான் என்று நாங்களும் நினைத்துவிட்டோம். ஆறு நாள் உயிரோடு இருந்தான். யாரும் வரவில்லை. பெயர் தெரியாதவன் என்று எழுதி ஆஸ்பத்திரிக்காரர்களே அடக்கம் செய்துவிட்டார்கள்.

கடைசியில் ஒரு வரி தனியாக இருந்தது. மூன்றாவது பாட்டிலேயே நாங்கள் தூக்கிக்கொண்டு போனவன் ஆறாவது பாட்டில் எப்படி நிற்கிறான்?

ரத்தினவேலுக்கு அந்த வரி உறைக்கவே இல்லை. பதினொன்றரை மணிதான் உறைத்தது. அன்றைக்கு ராத்திரி மிஷினுக்குப் பக்கத்து இன்டர்காம் அடித்தது. எடுத்தவன் அவன்தான். டைம் ஆபீஸிலிருந்து, சுபாஷ் உள்ளே இருக்கானாப்பா என்று கேட்டார்கள். ஏதோ செக்கிங் என்று நினைத்தான்.

"இருக்கான் சார். பாத்ரூம் போயிருக்கான்."

ஆறு நாள். அந்த ஆறு நாளில் மூன்று நாள் அவன் அணைக்கரையில் நின்றிருக்கிறான்.

மத்தியானப் பந்தி முடிந்ததும் மெஸ்ஸின் பின்பக்கம் போனான். காளியம்மாள் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எதையும் மறைக்காமல் சொன்னான். கார்டு, பெங்களூர், போன், ஆறு நாள், எல்லாம். அவள் அடிப்பாள் என்று நினைத்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான். அவள் கையைக் கழுவினாள்.

"நீதான் உள்ள இருக்கான்னு சொன்னியா?"

"ஆமாம்மா."

"அந்தப் படம் உங்கிட்டயா இருக்கு?"

"எங்கிட்டதாம்மா இருக்குது."

"காட்டு."

அறைக்குள் வந்தவள் செருப்பைக் கதவோரம் விட்டுவிட்டு டிவிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். ரத்தினவேல் கதவைத் தாழ் போட்டான். இப்போது முதல் பாட்டிலேயே சுபாஷ் இருந்தான். நடுவில். முன்வரிசையில். கேமரா பாடகனிடம் போனாலும், கிடாரிடம் போனாலும், படத்தின் ஓரத்தில் எங்கேயாவது அந்தச் சாம்பல் சட்டை தெரிந்தது.

"எளைச்சுட்டான்," என்றாள் காளியம்மாள். அழவில்லை. கையை நீட்டிக் கண்ணாடியில் மகனின் கன்னத்தைத் தடவினாள். "திரும்பப் போடு."

போட்டான். மறுபடியும் போடச் சொன்னாள். நான்காவது தடவை ரிமோட்டை அவள் கையிலேயே கொடுத்தான். இரண்டு நாள் தூங்காத கண் சொருகியது. சுவரில் சாய்ந்தான். மழைச் சத்தம் டிவியிலிருந்து வந்துகொண்டே இருந்தது.

"நீ படுய்யா," என்றது அவள் குரல். "நான் எம்புள்ளையப் பாத்துக்கிறேன்."

விழித்தபோது குளிர்ந்தது. டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் வெயில் பொட்டு இன்னும் இருந்தது. அப்படியென்றால் அதிக நேரம் ஆகவில்லை.

காளியம்மாள் இல்லை.

"அம்மா?"

ரிமோட் தரையில் கிடந்தது. கதவைப் பார்த்தான். உள் தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது. கதவோரம் அவள் செருப்பு. ஜன்னல் கம்பளியில் ஒரு ஆணிகூடப் பெயரவில்லை. ஒரே அறை. கட்டிலுக்கு அடியில் பெட்டி மட்டும். பாத்ரூம் வெளியே, மாடிப்படிக்கு அந்தப் பக்கம்.

திரும்பக் கூடாது என்று நினைத்தான். திரும்பினான்.

ஆறாவது பாட்டு. அதே மழை. முன்வரிசையில் சுபாஷ். பக்கத்தில் காளியம்மாள். அண்டா தேய்த்த அதே புடவை. ஒரு சொட்டு ஈரமில்லை. இரண்டு பேரும் மேடைக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். கேமராவைப் பார்த்தார்கள். இல்லை. அறையைப் பார்த்தார்கள்.

அவர்களுக்கு நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம். பின்னால் ஆயிரம் பேர் முண்டுகிறார்கள். அந்த இடம் மட்டும் நிரம்பவில்லை.

ரத்தினவேல் ரிமோட்டை அழுத்தினான். பிளக்கைப் பிடுங்கினான். மழை நிற்கவில்லை.

சுபாஷ் அரை அடி தள்ளி நின்றான். காளியம்மாளும் தள்ளி நின்றாள். பிறகு அவள் குனிந்து, அந்தக் காலி இடத்துக்கு நேராக இருந்த தடுப்புக் கம்பியின் ஈரத்தைத் தன் முந்தானையால் துடைக்கத் தொடங்கினாள், நிதானமாக, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை.