தலைகாட்டிக்கு வயிறு கிடையாது

மானுட வரலாற்றில் முதன்முறையாக, 'நீங்கள் வரவில்லையே' என்ற பழிச்சொல் பூமியிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது; இனி எந்த மனிதனும் எந்த விசேஷத்துக்கும் வராமலிருக்க வேண்டியதில்லை. மேகமனை நிறுவனம் 2064 தை மாதம் ஏழு கண்டங்களுக்கும் ஒரே நேரத்தில் வெளியிட்ட பேரறிவிப்பு இது. ஏழு கண்டங்களிலும் அதை முழு மனதோடு நம்பியது கோயம்புத்தூர் வட்டாரம்தான்.

பதினைந்து ஆண்டுகள் கழித்து ஒரு புதன்கிழமை காலை, பீளமேட்டில் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, மேகமனை அனுப்பிய நானூற்றுப் பன்னிரண்டு பக்கக் கட்டணச்சீட்டை முதன்முறையாகப் படிக்க முயன்றுகொண்டிருந்தார் மோனிஷ். ஐம்பத்தெட்டு வயது. பம்பு செட் தொழிலில் மூன்றாம் தலைமுறை. ஒரே முகூர்த்தத்தில் முப்பத்தொரு கல்யாணங்களில் முன்வரிசையில் உட்கார்ந்ததற்காக 'விசேஷச் செம்மல்' பட்டம் பெற்றவர். பட்டம் வாங்கவும் அவருடைய தலைகாட்டிதான் போயிருந்தது.

தலைகாட்டி என்பது ஒருவருடைய முகம், குரல், கும்பிடு, சாக்குப்போக்கு எல்லாவற்றையும் அளந்தெடுத்து மேகத்தில் ஓடவிட்ட நகல். விசேஷ வீட்டில் போட்டிருக்கும் ஒளிநாற்காலியில் அது தெரியும். எழுந்து நடக்கும், நலம் விசாரிக்கும், துக்க வீடானால் அழும். நொடிக்கு இவ்வளவு என்று வாடகை. போவதற்கென்று தனியாகச் செலவில்லை, அங்கே நடந்ததைத் திரும்பி வந்து நம்மிடம் சொல்வதற்குத்தான் தனிக் கட்டணம். மோனிஷ் அதை ஒருநாளும் கட்டியதில்லை. போனோமா என்பதுதான் கணக்கு, போன இடத்தில் எது நடந்தால் என்ன என்பது அவர் கட்சி.

மாதச் செலவை வெள்ளிக்கிழமைக்குள் வரம்புக்குள் கொண்டுவராவிட்டால் அவர் கணக்கு முடக்கப்படும் என்றது கடைசிப் பக்கம். முடக்கினால், ஞாயிற்றுக்கிழமை நடக்கும் மகள் கல்யாணத்துக்கு முன்னால் இருக்கிற பதினெட்டு விசேஷங்களுக்கு அவர் போக முடியாது. அவர் தலைகாட்டாத வீட்டிலிருந்து அவர் வீட்டுக்கு யார் வருவார்கள்?

மேகச்செலவு பார்க்கும் அங்காத்தாளை வரவழைத்தார். இருபத்தாறு வயது, அவள் பிறந்த காலத்தில் அப்படிப்பட்ட பெயர்கள்தான் நாகரிகம்.

“ஏனுங்ய்யா, எந்த விசேஷம்னு ஒரு சீட்டு ஒட்டி அனுப்ப மாட்டீங்களா?”

“எதுக்கு அம்மிணி? நம்ம மூஞ்சியே சீட்டுதானே.”

“அந்த மூஞ்சி இப்ப இருநூத்திப் பதினாலு எடத்துல ஓடிட்டிருக்குதுங்.”

“விசேஷம் முடிஞ்சா நாற்காலிய அணைச்சிருப்பாங்களே.”

“நாற்காலிய அணைச்சா ஆளு தெரிய மாட்டாரு, அவ்வளவுதானுங். மேகத்துல உக்காந்தேதான் இருப்பாரு. வாடகையும் உக்காந்திருக்கும்.”

மதியத்துக்குள் இருநூற்றுப் பதின்மூன்றை அணைத்துவிட்டாள். காலி மண்டபத்தைப் பார்த்து ஆறு வருடமாகப் புன்னகைத்துக்கொண்டிருந்ததும் அதில் உண்டு. அத்தனையும் சேர்ந்து செலவில் கால்வாசி கூட இல்லை. மிச்சம் முழுவதையும் ஒரே ஒரு தலைகாட்டி தின்றுகொண்டிருந்தது.

“இது சும்மா உக்காந்திருக்கல. ஒம்பது வருசமா நிக்காம வேலை செய்யுதுங். அதனாலதான் கண்ணுல படல. வேலை செய்யறவன ஆருங் சந்தேகப்படறாங்க?”

கோபிசெட்டிபாளையத்தில், தொழில்வழிப் பழக்கமான தர்ஷன் கட்டிய புது வீட்டின் கிரகப்பிரவேசம் அது. தர்ஷனுக்கு அன்று வேறு மூன்று கல்யாணங்கள் இருந்ததால், தன் வீட்டு விசேஷத்துக்கே தன் தலைகாட்டியை நிறுத்திவிட்டுப் போயிருந்தார். அங்காத்தாள் ஒலியைக் கூட்டினாள்.

“ஒரு வாய் சாப்புட்டுப் போங், தம்பி,” என்றது தர்ஷனின் குரல்.

“இருக்கட்டுங்ணா, காலைல தின்ன களியே இன்னும் நெஞ்சுல நிக்குது,” என்றது மோனிஷின் குரல்.

“அதெப்புடிங், வெறும் வயித்தோட அனுப்பறது?”

“பல்லு வலிங்ணா. இன்னொரு நாளைக்கு.”

மோனிஷ் எந்த வீட்டிலும் எட்டு முறை மறுத்து ஒன்பதாவது முறை இலைக்கு உட்காருபவர். அந்தப் பழக்கத்தை மேகமனை அப்படியே அளந்தெடுத்திருந்தது. ஆனால் தலைகாட்டிக்கு வயிறு கிடையாது என்பதால் உட்காரும் கட்டத்தை மட்டும் நீக்கிவிட்டார்கள். தர்ஷனின் தலைகாட்டிக்கோ விருந்தாளியைச் சாப்பிடாமல் அனுப்பத் தெரியாது. ஒன்று கேட்க, ஒன்று மறுக்க, ஒன்பது வருடம். சொன்ன சாக்கையே திரும்பச் சொன்னால் மரியாதைக் குறைவு என்பதால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு சாக்கு யோசிக்கப்பட்டது. யோசனைக்கு வாடகை இரட்டிப்பு.

“இங்கிருந்தே அணைச்சுப் போடறனுங்,” என்றாள் அங்காத்தாள்.

“பேசிட்டிருக்கறப்பவா? சொல்லாம கொள்ளாம மறைஞ்சு போனா தர்ஷண்ணன் என்ன நெனப்பாரு? வேண்டாம். நான் நேர்ல போய்ட்டு வர்றேன்.”

“நேர்லயா?” என்றாள். காய்ச்சலா என்று கேட்கிற தொனி அது.

மறுநாள் மதியம் மோனிஷ் கோபியில் இறங்கினார். பதினைந்து வருடத்தில் அவர் உடம்போடு போன முதல் வீடு. கதவைத் திறந்தவர் தர்ஷனின் மனைவி ஷர்மிகா.

“ஆருங்?”

“நாந்தானுங்க்கா, மோனிஷு.”

அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “மோனிஷ் தம்பி உள்ள இருக்காருங்களே. ஓ, நீங்க அவரோட ஆளுங்களா?”

கூடத்தில் இரண்டு ஒளிநாற்காலிகள் எரிந்தன. ஒன்றில் அவரே உட்கார்ந்து, மருமகனுக்கு உடம்பு சரியில்லை என்று சாப்பாட்டை மறுத்துக்கொண்டிருந்தார். மோனிஷுக்கு இன்னும் மருமகன் வரவில்லை.

“அண்ணன் வெளிய போயிருக்காருங்களா?”

ஷர்மிகா கூடத்து மோனிஷையும் வாசல் மோனிஷையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அவரு போயி நாலு வருசமாச்சு. நீங்கதான் மூணு நாளும் வாசல்ல இருந்தீங்களே. அழுதீங்களே. உள்ள ஒரு மோனிஷு சோறு வேண்டாங்கறாரு, வெளிய ஒரு மோனிஷு அழுவறாருன்னு ஊரே சொல்லுச்சு. உங்களுக்குத் தெரியாதுங்களா?”

திரும்பி வந்து சொல்வதற்குத் தனிக் கட்டணம் என்பதை மோனிஷால் அந்த வாசலில் நின்று விளக்க முடியவில்லை. வந்த காரியத்தைச் சொன்னார்: செலவு தாங்கவில்லை, அண்ணனை நீங்கள் அணைத்துவிட்டால் என் ஆள் தானாகக் கிளம்பிவிடுவான்.

“எனக்கும்தானுங் செலவு. மேக்குப் பக்கத் தோட்டத்த வித்துத்தான் கட்டிட்டிருக்கேன். ஆனா விருந்தாளி உக்காந்திருக்கறப்ப வீட்டுக்காரர எப்புடிங் அணைக்கறது? தம்பி எந்திரிக்கட்டும்னு நானும் நாலு வருசமாப் பாத்துட்டிருக்கேன்.”

“வீட்டுக்காரர் அனுப்பாம நான் எப்புடிங்க்கா எந்திரிக்கறது?”

நாற்காலிகளில் பேச்சு தொடர்ந்தது. ஷர்மிகா மோனிஷை இன்னொரு முறை பார்த்தார். அழுதவர் இவர் இல்லை என்பது உறுதியானது போலிருந்தது. நாற்காலியருகே போனார்.

“மோனிஷு தம்பி, நேரமாச்சு. கெளம்புங்.”

தலைகாட்டி உடனே எழுந்து கும்பிட்டது. “வர்றனுங்க்கா. உடம்பப் பாத்துக்கோங்.” மறைந்தது.

“ஒண்ணுமே சாப்புடாமப் போறாரே,” என்றது தர்ஷனின் தலைகாட்டி, மனைவியைப் பார்த்து.

“பரவால்லீங்,” என்று ஷர்மிகா விசையைத் தட்டினார். காலியான நாற்காலியை முந்தானையால் ஒருமுறை துடைத்தார். பிறகு திரும்பி, “ஏனுங், நீங்க சாப்புட்டுப் போறீங்களா?” என்றார்.

சமையலறையிலிருந்து அரிசிம்பருப்பு சாதத்தின் மணம் வந்தது. காலையிலிருந்து மோனிஷின் வயிற்றில் ஒரு காப்பி மட்டுமே இருந்தது. எட்டில் முதலாவதைச் சொன்னார்.

“இருக்கட்டுங்க்கா. இன்னொரு நாளைக்கு.”

“சரிங்,” என்று ஷர்மிகா கதவைத் திறந்துவிட்டார்.

நம்பியூர் தாண்டும்போது அங்காத்தாள் அழைத்தாள்.

“வரம்புக்குள்ள வந்துருச்சுங்ய்யா. கணக்கு தப்பிச்சுது. ஞாயித்துக்கெழமைக்கு மூவாயிரத்தி இருநூறு பேரு வர்றாங்க. அத்தனையும் தலைகாட்டிதானுங். வரவேற்க உங்க தலைகாட்டி நாப்பது நிறுத்தறேன். என்ன பேசச் சொல்லட்டுங்?”

விசேஷத்துக்கு வந்தவர்களிடம் அவர் குடும்பம் மூன்று தலைமுறையாகச் சொல்லிவந்தது ஒன்றே ஒன்றுதான்.

“வாங்கன்னு மட்டும் சொல்லச் சொல்லு, அம்மிணி. சாப்புடுங்கன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லிப் போடக் கூடாது.”

அவினாசி வந்ததும் வண்டியை நிறுத்தி, ரோட்டோரக் கடையில் நின்றபடியே இரண்டு தோசை தின்றார்.