திரையில் வராத முகடு

அடிவாரத்தில் பஸ் நின்றபோதே மழை பிடித்துக்கொண்டது. 1993 ஜூலை. நனைந்தபடி ஏறினாள் மரியசெல்வி. காலியாக இருந்த ஒரே இருக்கையில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி!

"ஏனுங்க, அதுக்கும் டிக்கெட் எடுத்திருக்கீங்களா?"

"அரை டிக்கெட்டுங்க" என்றான் பக்கத்திலிருந்தவன். முகம் சிரிக்கவில்லை. கண்கள் மட்டும் சிரித்தன... பல காலம் கழித்து இன்று, அவன் இறந்து இரண்டு வருடமாகியும் அந்தக் கண்களை அவளால் பழசாக்க முடியவில்லை.

பெட்டியை மடியில் வைத்து இடம் விட்டான். மலையேறும் வரை கைக்குழந்தை மாதிரி அணைத்தபடியே வந்தான்.

மறுநாள்தான் தெரிந்தது, அவன் வந்ததே அவள் வேலை செய்யும் காபி ஆராய்ச்சிக் கூடத்துக்கு. பெயர் அங்கப்பன். கரடியூர்க்காரன், சென்னையில் புரோகிராம் எழுதுகிறவன்.

காபி இலையின் புரதங்களை மின்சாரம் விட்டுப் பிரித்தால் அவை ஜெல் என்ற கூழ்ப்படலத்தில் நீலக் கோடுகளாக நிற்கும். அவன் புரோகிராம் அந்தக் கோடுகளைத் திரையில் மலைமுகடுகளாக வரையும். ஆசையாகக் குனிந்து பார்த்தாள். இலைத்துரு நோய் அண்டாத, தலைச்சோலைத் தோட்டத்துச் செடியில் மட்டும் வரும் அந்த மெல்லிய கோடு... அதற்கு முகடே இல்லை!

"அது அழுக்குங்க. புரோகிராம் தள்ளிருச்சு."

"ரெண்டு வருசமா நான் பாக்கற கோடுங்க!"

"ஆசைப்பட்டா கண்ணுக்கு இல்லாததும் தெரியுமுங்க. கணக்கு அப்பிடியில்லீங்க."

சுருக்கென்றது. திங்கட்கிழமை அறிக்கை போக வேண்டும். அந்தக் கோடு இல்லையென்றால் ஆராய்ச்சி நின்றுவிடும். அவள் வேலையை விட்டுச் சொந்த ஊரான சேலத்துக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அப்புறம் அவன் பக்கமே அவள் திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தாள். தூறல். சர்ச் வாசலில் அவன்... சட்டைக்குள் எதையோ பொத்திக்கொண்டு. வெளியே எடுத்தான். நீளமான பிரிண்ட் தாள்.

"சன்னமா இருக்கற கோட்டத் தள்ளிடச் சொல்லி எழுதுனது நாந்தானுங்க. அந்த வரிய எடுத்துட்டு உங்க பழைய ஜெல்லு மூணையும் போட்டுப் பாத்தேன். மூணுலயும் ஒரே எடத்துல இருக்குது. அழுக்கு அப்பிடி எடம் பாத்து உக்காராதுங்களே... தப்பு எம்மேலதானுங்க."

"அன்னிக்கு இருந்த திமிரு எங்க போச்சுங்க?"

"வர்ற வழியில கரைஞ்சிருச்சுங்க."

சிரிப்பை அடக்கினாள். "நாளைக்கு ஆபீசுல சொல்லியிருக்கலாமில்ல? இந்த மழையில எதுக்குங்க..."

அவன் தாளைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"நீங்க சேலம் போயிருவீங்கன்னு சொன்னாங்க. போவாதீங்க... கோட்டுக்காக மட்டும் சொல்லலீங்க."

மழை வலுத்தது. அவள் குடையை விரித்தாள்.

"உள்ள வாங்க, தாள் நனையுது" என்றாள். பிறகு, மிக மெதுவாக... "தாளுக்காக மட்டும் சொல்லலீங்க."