கேப்டன் ஆப்னரின் ரத்தம்

மெர்ல் பிடித்திருந்த கண்ணாடிக்குள் ஆட்கள் நின்றார்கள். திரும்பிப் பார்த்தால் யாருமில்லை. அறுப்பு முடிந்த மக்காச்சோளக் கொல்லை மட்டும் நவம்பர் வெயிலில் மொட்டையாகக் கிடந்தது.

"கண்ணாடியத் தொடைச்சியா இல்லியாடா?" என்றாள் ஆர்டித்.

"நேத்தே தொடைச்சேன்" என்றான் மெர்ல்.

அவள் நம்பவில்லை. சித்தப்பா மகன் மெர்ல் எதையும் உருப்படியாகத் துடைத்து அவள் பார்த்ததில்லை. சட்டையில் முட்டைக் கறை, வாசலில் சக்கரம் கழன்ற டிரக், பல்லிடுக்கில் எந்நேரமும் ஒரு குச்சி. எட்டுத் தலைமுறையாகக் கைமாறி வந்த கில்ஃபில்லன் பண்ணை, கடைசியில் இந்த மடையன் கையிலா வந்து சேர வேண்டும்! கைக்குட்டையை எடுத்து அவளே கண்ணாடியை அழுத்தித் தேய்த்தாள். ஆட்கள் போகவில்லை. கொல்லையின் அந்தக் கடைசியில் வரிசையாக முப்பது நாற்பது பேர். பெண்கள், குழந்தைகள். எல்லோரும் இவளுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். பழைய கண்ணாடி, ரசம் போயிருக்கும் என்று முடிவு கட்டினாள். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமையாசிரியையாக இருந்தவள் அவள். காரணம் சொல்லத் தெரியாத எதையும் உள்ளே விட்டுப் பழக்கமில்லை.

வீட்டுக்குப் பின்னாலிருந்த குடும்பக் கல்லறையில்தான் இருவரும் நின்றார்கள். மழையிலும் பனியிலும் தேய்ந்த கல்லறை எழுத்தைப் படிக்க ஒரு வழி உண்டு. பெரிய கண்ணாடி ஒன்றைப் பக்கவாட்டில் பிடித்து, வெயிலைச் சாய்வாகக் கல்லின்மேல் விழவைத்தால் போதும்; எழுத்துகள் நிழல் கட்டி எழுந்து நிற்கும். ஆறு வருஷமாக ஓஹாயோ முழுக்க இப்படி அலைந்து, கேப்டன் ஆப்னர் கில்ஃபில்லன் வரைக்கும் ஒவ்வொரு தலைமுறையையும் பிடித்துவிட்டாள். இருநூறு வருஷத்துக்கும் முந்திய எல்லை ஊர்ப்படையின் கேப்டன், வெள்ளைக்காரக் குடியேறிகளைக் காத்த வீரன், அவளுடைய முன்னோர். ஒரே ஒரு கண்ணிதான் பாக்கி: கேப்டனின் மகன் சைலஸ். அவன் பிறப்புக்கு எந்தப் பதிவும் கிடையாது. ஊர்ப்படை வாரிசுகள் சங்கத்திலோ நேர் ரத்தம் மட்டும்தான் செல்லும். வளர்ப்புப் பிள்ளையின் வம்சத்துக்கு வாசலோடு சரி.

போன மாதச் சங்கக் கூட்டத்தில், தலைவர் பதவிக்கு இவளோடு போட்டி போடும் அந்தக் காலீன் எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "உங்க சைலஸுக்கு அம்மா யாருங்க?" ஆர்டித் கேக்கைத் தட்டோடு வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். ஒரு வாரம் தூங்கவில்லை. நேற்றுவரை முடி வெட்டிக்கொண்டிருந்தவளெல்லாம் தன் வம்சத்தைக் கேள்வி கேட்பதா? சனிக்கிழமை தலைவர் தேர்தல். சைலஸின் கல்லை ஒரு படம் எடுத்துக் காலீனின் மூஞ்சியில் வீச வேண்டும். சங்கத்தின் உறுதிமொழிப் படிவத்தில் காலையிலேயே கையெழுத்துப் போட்டுக் காரில் வைத்திருந்தாள்.

"இன்னும் சாய்ச்சுப் புடி. சாய்னா சாயணும், படுக்கக்கூடாது."

"சரிங்க டீச்சரம்மா."

எழுத்து எழுந்தது. 'சைலஸ், கேப்டன் ஆப்னரின் மகன்.' அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மண்டியிட்டுக் கல்லைத் தொட்டாள். குளிர்காற்றில் அந்தக் கல் மட்டும் இளஞ்சூடாக இருந்தது. கீழே புல்லை ஒதுக்கியபோது இன்னொரு வரி தெரிந்தது. 'பெற்ற மகன் அல்ல. சோளக்கிடங்கின் தீயிலிருந்து எடுத்த மகன்.'

கீழே வேறு வரி இருக்கிறதா என்று அவள் இன்னும் புல்லைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"இது தெரிஞ்ச கதைதானே?" என்றான் மெர்ல். "ஆத்துக்கு அந்தாண்ட லெனாப்பேனு செவ்விந்தியங்க ஊர் இருந்துச்சு. ஆம்பளைங்க வேட்டைக்குப் போயிருந்த நேரமாப் பாத்து கேப்டன் ஆளுங்களோட போனாரு. பொம்பளைங்களையும் புள்ளைங்களையும் சோளக்கிடங்குக்குள்ள தள்ளி, கதவுக்கு வெளிய மரத்த முட்டுக் குடுத்து, கொளுத்தி விட்டாரு. ரெண்டு வயசுப் பய ஒருத்தன் மட்டும் பலகைச் சந்து வழியா வெளிய வந்துட்டான். தூக்கிட்டு வந்து சைலஸ்னு பேரு வெச்சாரு."

"கேப்டன் ஊரைக் காப்பாத்தினவர்."

"யாருகிட்டேந்து? சோளத்துகிட்டேந்தா?"

அவன் குச்சியை எடுத்து, கேப்டனுக்கு அப்பால் வரிசையாக இருந்த எட்டுக் குட்டைக் கற்களைக் காட்டினான். "அதெல்லாம் அவரு பெத்ததுங்க. ஒண்ணும் தங்கல. ஒருத்தன் படுக்கையில, ஒருத்தி கெணத்தடியில, ஒருத்தி சர்ச்சுல பாடிக்கிட்டு இருக்கும்போதே. மூச்சடைச்சு, வாய் நெறையக் கரியோட. பக்கத்துல எங்கயும் நெருப்பே கெடையாது. சைலஸ மட்டும் யாரும் தொடல. கெடங்குல எரிஞ்சவங்க புள்ளையாச்சே அவன்! நாமளும் அவங்க புள்ளைங்கதான். அதான் நம்ம பக்கம் திரும்பறதில்ல."

"யாரு திரும்பறதில்ல?"

மெர்ல் கண்ணாடியைப் பார்த்தான். பிறகு தன் பூட்ஸைப் பார்த்தான்.

ஆர்டித்துக்கு வந்தது பயம் அல்ல, அருவருப்பு. படிக்காத கூட்டம் அடுப்படியில் உட்கார்ந்து கட்டிய கதை, அதைக் கல்லில் வேறு வெட்டி வைத்திருக்கிறது. எந்தக் காட்டிலோ பிறந்த அநாதைப் பயலுக்கா அவள் ஆறு வருஷம் உழைத்தாள்? பக்கத்தில் கிடந்த மெர்லின் கருவிப்பெட்டியிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்தாள்.

"வேணாம் ஆர்டித்."

"வாய மூடு."

அடித்தாள். தேய்ந்த கல் சுலபமாகப் பெயர்ந்தது. 'பெற்ற மகன் அல்ல' போயிற்று. 'தீ' போயிற்று. கால் மணி நேரத்தில் கீழ்வரி இருந்த இடம் வெறும் பள்ளமாகிவிட்டது. மேல்வரி மட்டும் மிச்சம், எந்தச் சங்கத்திலும் செல்லும்படியாக. தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"நல்லாக் கேட்டுக்க. நான் கேப்டனோட ரத்தம். வேற எவளோடதும் இல்ல."

மெர்ல் கண்ணாடியைக் கேப்டனின் கல்மேல் சாய்த்து வைத்தான். "எனக்குக் கேட்டுச்சு" என்றான். "அவங்களுக்கும் கேட்டிருக்கும்." வீட்டைப் பார்த்து வேகமாக நடந்தான், ஓடவில்லை, அவ்வளவுதான். அவள் உதட்டைச் சுழித்தாள். கில்ஃபில்லன் ஆண்பிள்ளையாம்.

படம் எடுக்கக் குனிந்தபோது கல்லில் கை பட்டது. சூடு போயிருந்தது. ஐஸாகக் குளிர்ந்தது. எங்கிருந்தோ சோளம் வறுபடும் வாசனை வந்தது, முதலில் சினிமாக் கொட்டகை வாசலில் வருமே அப்படி இதமாக, அப்புறம் அடிப்பிடித்துக் கருகியதாக, அப்புறம் அதற்கு அடியில் சோளம் அல்லாத வேறொன்றின் கனத்த எண்ணெய் நெடியாக. இதுவரை வேலியில் கத்திக்கொண்டிருந்த காக்கைகளின் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணாடியைப் பார்த்தாள்.

அவர்கள் திரும்பியிருந்தார்கள்.

எல்லோரும். கைக்குழந்தைகூட, தாயின் தோளில் தலையைத் திருப்பி. கோபம் இல்லாத முகங்கள். இவ்வளவு காலம் தேடிய ஆளைக் கண்டுகொண்ட முகங்கள்.

திரும்பினாள். வெறும் கொல்லை. ஆனால் காய்ந்த தட்டைகள் நொறுங்கின. வரிசையாக. கிட்டக் கிட்ட.

ஓடினாள். உளி விழுந்தது. ஷூ ஒன்று சேற்றில் போயிற்று. காருக்குள் விழுந்து கதவை அடைத்தாள், பூட்டினாள். சாவி திரும்பியது. எஞ்சின் பேசவில்லை.

நொறுங்கும் சத்தம் நின்றது.

கார் லேசாக ஆடியது. கண்ணாடி ஜன்னல்களில் ஆவி படிந்தது. அதன்மேல், வெளிப்பக்கத்திலிருந்து, ஒரு கை பதிந்தது. சின்னக் கை. பக்கத்தில் இன்னொன்று. கதவு முழுக்க. நான்கு கதவிலும்.

அடிக்கவில்லை. தட்டவில்லை. கதவுகளில் சாய்ந்து அழுத்தினார்கள். முட்டுக் கொடுப்பதுபோல.

பூட்டை விடுவித்துக் கதவைத் தள்ளினாள். அசையவில்லை. தோளால் மோதினாள். உள்ளே சூடு ஏறியது. ஸ்டீயரிங் கையைச் சுட்டது. பக்கத்து இருக்கையில் படிவம். 'நான் கேப்டன் ஆப்னரின் நேர் ரத்த வாரிசு என உறுதி கூறுகிறேன்.' கீழே அவள் கையெழுத்து. தாளின் ஓரம் பழுப்பேறிச் சுருண்டது. நெருப்பு எங்கும் இல்லை.

"நான் சைலஸோட வம்சம்!" என்று கத்தினாள். "உங்க புள்ள! நான் உங்க..."

வார்த்தை வரவில்லை. புகை வந்தது. எதிரே தொங்கிய சின்னக் கண்ணாடியில் அவள் வாய் திறந்திருந்தது. உள்ளே கறுப்பு.

ஆவியில் சிறு விரல்களுக்கு நடுவே ஓர் இடைவெளி. அதன் வழியே வீட்டுப்படி தெரிந்தது. மெர்ல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். இப்போது அவன் ஒருவன்தான் அவளுக்கு முதுகைத் திருப்பி நின்றான்.